சைக்கிளையும் பார்க்கணும்

அந்த மோட்டார் எரிந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கோயம்புத்தூர் பக்கம் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். முதலாளி எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய அமெரிக்க மெஷின் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. பத்து ஹெச்.பி. மோட்டார். நேம் பிளேட்டில் 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 13 ஆம்ப்ஸ் என்று அடித்திருந்தது. "நம்ம சப்ளை 415 தானே, 460ஐத் தாங்குறது 415ஐத் தாங்காதா?" என்று சொன்னவன் நான்தான். டிப்ளமா முடித்த சூடு இன்னும் ஆறாத காலம்.

வயரைக் கொடுத்தோம், ஓடியது. நிமிடத்துக்கு 1,750 சுற்று ஓட வேண்டியது 1,460 போலத்தான் ஓடியது. உற்பத்தி குறைகிறதே என்று மோட்டார் புல்லியைப் பெரிதாக மாற்றிப் போட்டோம். அதுவும் என் யோசனைதான். மூன்று வாரம் ஓடியது. தொட்டால் கை சுடும், "மோட்டார்னா சுடத்தான் செய்யும்" என்று விட்டுவிட்டோம். ஒருநாள் நைட் ஷிஃப்டில், ஊரே விளக்கணைத்துப் படுத்தபின் லைன் வோல்டேஜ் 440க்கு ஏறியிருந்த நேரம், வார்னிஷ் கருகிய வாசனை ஷெட் முழுக்க அடித்தது. கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயின் செட்டிங்கை ஏற்கெனவே இரண்டு முறை ஏற்றி வைத்திருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காயில் கட்டும் கடை வைத்திருந்தவருக்கு அப்போதே அறுபது வயதிருக்கும். எரிந்த மோட்டாரைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். நேம் பிளேட்டை துணியால் துடைத்துப் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏங்க தம்பி, வோல்டேஜை மட்டும் பாத்தா எப்படிங்க? சைக்கிளையும் பாக்கோணுமில்லங்களா?" என்றார்.

ஹெர்ட்ஸ் என்ற சொல் அவர் வாயில் வராது. அவருக்கு அது 50 சைக்கிள், 60 சைக்கிள்: கரண்ட் ஒரு நொடிக்குள் எத்தனை முறை முன்னும் பின்னும் போய்வருகிறது என்ற கணக்கு. நம்ம லைனில் 50, அமெரிக்காவில் 60. ஒரு காயிலை வெட்டியெடுத்து, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். 24 சுற்று. "இருவத்தாறு போட்டுடறேனுங்க. கம்பி ஒரு நம்பர் சன்னமா போடணும், இல்லீன்னா ஸ்லாட்டுக்குள்ள புகாது. பழைய புல்லியவே மாட்டிக்குங்க." காகிதம் எடுக்கவில்லை, கணக்குப் போடவில்லை. அன்றிரவு நான் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

460ஐ 60ஆல் வகுத்தால் 7.67. நம்முடைய 415ஐ 50ஆல் வகுத்தால் 8.3. இந்த இரண்டுக்கும் அலகு வோல்ட் பர் ஹெர்ட்ஸ். 24ஐ 8.3ஆல் பெருக்கி 7.67ஆல் வகுத்தால் 25.97. அவர் 26 என்றார்.

நான் வோல்டேஜைப் பார்த்து "குறைவு" என்று நினைத்த இடத்தில், மோட்டாரின் இரும்பு எட்டு சதவீதம் "அதிகம்" என்று உணர்ந்திருக்கிறது. வோல்டேஜ் 440க்கு ஏறிய இரவில் 8.8. அதாவது, வடிவமைத்தவன் நினைத்ததைவிடப் பதினைந்து சதவீதம் கூடுதல். இதே மோட்டாரை 380 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள ஓர் ஊரில், பத்துக்குப் பதில் எட்டு ஹெச்.பி. சுமையோடு மாட்டியிருந்தால் நிம்மதியாக ஓடியிருக்கும். 380ஐ 50ஆல் வகுத்தால் 7.6, கிட்டத்தட்ட அமெரிக்காக்காரன் கணக்கேதான்.

இந்த வகுத்தல் ஏன் வேலை செய்கிறது என்பதை எனக்கு நானே விளக்கிக்கொண்டது வாய்க்கால் தண்ணீரை வைத்துத்தான். எங்கள் பக்கம் எல்லோருக்கும் பாத்திக்குத் தண்ணீர் கட்டத் தெரியும். வோல்டேஜ் என்பது மடையில் பாயும் தண்ணீரின் வேகம். ஏ.சி. சப்ளையில் ஒரு அரைச் சுற்று முடியும்வரை மடை ஒரு பக்கம் திறந்திருக்கிறது, அப்புறம் மறுபக்கம் திறக்கிறது. 60 ஹெர்ட்ஸில் அந்த அரைச் சுற்று 8.33 மில்லிசெகண்டு. 50 ஹெர்ட்ஸில் 10 மில்லிசெகண்டு. தண்ணீர் கொஞ்சம் மெதுவாகப் பாய்ந்தாலும் மடை அதிக நேரம் திறந்திருந்தால் பாத்தியில் சேர்வது கூடத்தான் செய்யும். பாத்தியில் சேர்கிற தண்ணீர்தான் இரும்புக்குள் சேர்கிற காந்தப் பாயம்.

பாத்திக்கு வரப்பு உண்டு. இரும்புக்கும் உண்டு. அந்த அளவு வரை சமர்த்தாக வாங்கிக்கொள்ளும். அதற்குமேல் கொஞ்சம் காந்தம் ஏற்றவும் ஏராளமான கரண்ட் கேட்கும். நாங்கள் எரிப்பதற்கு முந்தின வாரம் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சும்மா ஓடவிட்டு, கரண்டை அளக்கும் டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்திருந்தோம். ஏழரை ஆம்ப்ஸ். ஒரு வேலையும் செய்யாமல், நேம் பிளேட்டில் போட்ட 13இல் பாதிக்கு மேல்! அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். அதோடு, வேகம் குறைந்ததால் மோட்டாரின் வால்பக்க ஃபேனும் மெதுவாகச் சுற்றியது. பெரிய புல்லி போட்டதால் இழுக்க வேண்டிய முறுக்குவிசை ஏறியது. எரியாமல் என்ன செய்யும்?

பிறகு, ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றுகிற டிரைவ்கள் வந்தன. ஸ்பின்னிங் மில் ஒன்றுக்கு மாறியிருந்தேன். ஈரப்பதம் காக்கும் ஹெச்-பிளான்ட் ஃபேன்களுக்கு வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ் போட்டால் கரண்ட் பில் குறையும் என்று எல்லா மில்லிலும் பேச்சாக இருந்த சமயம். உண்மைதான். ஃபேனின் வேகத்தை எண்பது சதவீதமாகக் குறைத்தால், அது தின்கிற மின்சாரம் பாதியாகிவிடும். முதல் டிரைவின் மெனுவைத் திறந்தபோது "வி பை எஃப்", அதாவது வோல்டேஜ் வகுத்தல் ஃப்ரீக்வென்சி (ஹெர்ட்ஸ்), என்ற சொல் எதிரே நின்றது. பேஸ் வோல்டேஜ் 415, பேஸ் ஃப்ரீக்வென்சி 50. காயில்காரர் மனதில் போட்ட கணக்கை ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

டிரைவ் செய்வதெல்லாம் இதுதான்: 25 ஹெர்ட்ஸ் கேட்டால் 207.5 வோல்ட் கொடுக்கும். 10 கேட்டால் 83. எங்கே வகுத்தாலும் 8.3. வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் பாத்தியில் தண்ணீர் மட்டம் அப்படியே இருக்கும், முறுக்குவிசையும் கிடைக்கும். 50க்கு மேலே கேட்டால் இன்னொரு கதை. ஹெர்ட்ஸ் ஏறும், ஆனால் லைனில் இருப்பதே 415 என்பதால் வோல்டேஜ் ஏற முடியாது. பாத்தி வற்ற ஆரம்பிக்கும், முறுக்குவிசை குறையும். மோட்டாரின் சத்தம் மட்டும் பெரிதாகும்.

அடிமட்டத்தில்தான் வம்பு. 2 ஹெர்ட்ஸ் என்றால் கணக்குப்படி 16.6 வோல்ட்தான். அதில் ஒரு பங்கைச் செம்புக் கம்பியின் தடையே விழுங்கிவிடும், இரும்புக்கு மிச்சம் வருவது சொற்பம். அதற்காக "பூஸ்ட்" என்று ஒரு அளவு உண்டு, தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக வோல்டேஜ் கொடுப்பதற்கு. ஒரு கன்வேயர் புறப்பட மறுக்கிறது என்று எங்கள் ஃபிட்டர் பூஸ்ட்டை ஏற்றிக்கொண்டே போனார். மோட்டார் நகரவில்லை, "ம்ம்ம்" என்று தேனீக் கூடு போல உறுமியது, டிரைவ் ஓவர் கரண்ட் காட்டி நின்றது. பூஸ்ட்டை இன்னும் ஏற்றினார். அதைவிடச் சீக்கிரம் நின்றது. கடைசியில் பார்த்தால் கன்வேயரின் பேரிங் ஒன்று இறுகிக் கிடந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

இந்த விகிதத்தோடு விளையாடவும் செய்யலாம். எனக்குப் பிடித்தது எண்பத்தேழு ஹெர்ட்ஸ் வித்தை. மோட்டாரின் மூன்று காயில்களையும் இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு வழி. ஸ்டாரில் 400 வோல்ட், டெல்டாவில் 230 வோல்ட் என்று அடித்த சிறிய மோட்டார்கள் உண்டு. அதை டெல்டாவில் கட்டினால் 50 ஹெர்ட்ஸுக்கு 230, அதாவது 4.6. இதே விகிதத்தில் 400 வோல்ட் வரை ஏறினால் எங்கே போய் நிற்கும்? 87 ஹெர்ட்ஸில். காந்தப் பாயம் வற்றாமலே, அதே முறுக்குவிசையோடு, வேகம் 1.73 மடங்கு. குதிரைத் திறனும் அத்தனை மடங்கு. பேரிங்கும் ரோட்டரின் பேலன்ஸும் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதன்முதலில் இதைச் செய்து பார்த்த அன்று, ஓசியில் ஒரு மோட்டார் கிடைத்த மாதிரி இருந்தது.

2012 வாக்கில் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். டீசல் ஜெனரேட்டர் ஓடும்போது பெரிய மோட்டார் ஒன்றைப் போட்டால் விளக்குகள் எல்லாம் மங்கி, பின் மெல்லத் தெளியும். "ஜெனரேட்டர் திணறுது" என்பார்கள். திணறுவது இன்ஜின்தான். விளக்கு மங்குவதில் பாதி, வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ஏ.வி.ஆர். என்ற பெட்டி தெரிந்தே செய்கிற வேலை. இன்ஜின் வேகம் குறைந்து ஹெர்ட்ஸ் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால், அதோடு சேர்த்து வோல்டேஜையும் இறக்கிவிடும். இறக்காமல் முழு வோல்டேஜைப் பிடித்துவைத்தால் ஜெனரேட்டரின் சொந்த இரும்பும், அதில் மாட்டியிருக்கிற டிரான்ஸ்ஃபார்மர்களின் இரும்பும் நிரம்பி வழியும். இன்ஜினுக்கும் சுமை இறங்காது. விளக்கு மங்குகிறதே என்று அந்த செட்டிங்கை எடுத்துவிடச் சொன்ன மேனேஜர் ஒருவரைச் சமாளிக்க எனக்கு ஒரு முழு மதியம் பிடித்தது.

மின் நிலையங்களில் இதற்கென்றே தனி ரிலே வைத்திருக்கிறார்கள். ரிலேக்களுக்கு எண் வைக்கும் முறையில் அதன் எண் 24, பெயரே வோல்ட் பர் ஹெர்ட்ஸ் ரிலே. டர்பைன் முழு வேகத்துக்கு வருவதற்குமுன் யாராவது ஃபீல்டை, அதாவது ஜெனரேட்டரில் காந்தத்தை உண்டாக்கும் கரண்டை, கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பாதி வேகம், முழு வோல்டேஜ், இரட்டிப்புக் காந்தம். சில நொடிகளில் கோடிக்கணக்கான ரூபாய்ச் சாமான் கெட்டுப்போகும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள்கூடச் சுமையில்லாமல் இருக்கும்போது நிர்ணயித்த விகிதத்துக்கு மேல் பத்து சதவீதம்வரைதான் தொடர்ந்து தாங்கும். எங்கள் பத்து ஹெச்.பி. மோட்டார் மூன்று வாரம் ஓடிவிட்டு, பதினைந்து சதவீதம் ஏறிய இரவில் எரிந்ததில் ஆச்சரியமில்லை, பாவம்.

இதுவரை சொன்னது எல்லாம் பட்டறைச் சமாச்சாரம். இந்த அலகை வேறொரு இடத்தில் பார்ப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மில்லுக்குத் தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆடிட் வைத்தார்கள். எங்கள் மீட்டர்களையெல்லாம் அளவு சரிபார்க்க அனுப்பினோம். திரும்பி வந்த சான்றிதழில், சரிபார்த்த கருவியை யார் சரிபார்த்தார்கள், அவர்களுடையதை யார் சரிபார்த்தார்கள் என்று ஒரு வம்சாவளி. போய்ப் போய் புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் முடிந்தது. சரி, தில்லியில் இருக்கும் வோல்ட்டை எதை வைத்துச் சரிபார்க்கிறார்கள்? பாரிஸில் ஒரு பெட்டிக்குள் ஒரு வோல்ட் இருக்குமோ என்றுதான் நினைத்தேன்.

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்திருக்கிறது. எட்வர்ட் வெஸ்டன் 1893ல் செய்த காட்மியம் செல், 1.018 வோல்ட் சொச்சம் கொடுப்பது. நாட்டுக்கு நாடு அந்தச் செல்களைக் கூட்டமாக எண்ணெய்த் தொட்டியில், சூடு மாறாமல், ஆட்டாமல் அசைக்காமல் பாதுகாத்தார்கள். அப்படிப் பாதுகாத்தும் அவை மெல்ல நகர்ந்தன. ஒரு நாட்டு வோல்ட்டும் இன்னொரு நாட்டு வோல்ட்டும் கடைசி இலக்கங்களில் ஒத்துப்போகவில்லை.

1962ல் கேம்பிரிட்ஜில் பிரையன் ஜோசப்சன் என்ற இருபத்திரண்டு வயது ஆராய்ச்சி மாணவர் ஒரு கணக்கைப் போட்டார். மின்தடையே இல்லாத மீக்கடத்திகள் இரண்டின் நடுவே மெல்லிய காப்பு ஏடு ஒன்றை வைத்து வோல்டேஜ் கொடுத்தால், அதில் கரண்ட் ஒரே பக்கமாகப் பாயாமல் ஊசலாடும். எத்தனை ஹெர்ட்ஸில் ஊசலாடும் என்பது கொடுத்த வோல்டேஜை மட்டும் பொறுத்தது. டிரான்சிஸ்டருக்காக ஏற்கெனவே நோபல் வாங்கியிருந்த, மீக்கடத்திக் கோட்பாட்டுக்கே தகப்பன்மாரில் ஒருவரான ஜான் பார்டீன், இப்படி ஏடு தாண்டி மீக்கரண்ட் பாயாது என்று எழுத்திலேயே மறுத்தார். அடுத்த ஆண்டே பெல் ஆய்வகத்தில் ஆண்டர்சனும் ரோவெலும் சோதனையில் காட்டிவிட்டார்கள். 1973ல் ஜோசப்சனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்த ஊசலாட்டத்தின் விகிதம், ஒரு வோல்ட்டுக்கு 4,83,597.8484 கிகாஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் பர் வோல்ட்! எங்கள் டிரைவ் மெனுவில் இருந்ததே தலைகீழாக நின்றது. இந்த எண்ணுக்கு உலோகம் ஈயமா நியோபியமா என்ற கவலை இல்லை. ஏட்டின் தடிமன், சூடு, யார் செய்தது எதுவும் இதைத் தொடாது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை இரண்டால் பெருக்கி பிளாங்க் மாறிலியால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். 2019 மே 20 முதல் அந்த இரண்டு மாறிலிகளின் மதிப்பும் உலக அளவில் நிலைநிறுத்தப்பட்டுவிட்டதால், இந்த விகிதம் இனி அளந்து பார்க்க வேண்டியதே இல்லை.

ஆய்வகத்தில் இதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறார்கள். ஹெர்ட்ஸ்தான் மனிதர்களால் மிகத் துல்லியமாக எண்ண முடிகிற விஷயம், அணுக்கடிகாரம் இருக்கிறது. ஆகவே 70 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மைக்ரோவேவை அந்த ஏட்டின்மேல் பாய்ச்சினால், அதன் இரு முனைகளிலும் வோல்டேஜ் படிக்கட்டு மாதிரி நின்றுகொள்ளும். ஒரு படி சுமார் 0.145 மில்லிவோல்ட். பத்து வோல்ட் வேண்டுமென்றால் சுமார் 70,000 ஏடுகளை ஒரே சில்லில் வரிசையாகக் கோத்து, திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் முக்க வேண்டும். பாரிஸ் பெட்டி தேவையில்லை. ஒரு வோல்ட் வேண்டுமா, ஹெர்ட்ஸை எண்ணிக்கொள். காயில்காரர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்: சைக்கிளைப் பார்த்தே வோல்டேஜைச் சொல்கிறார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு அடுத்த விஷயம். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை என்பது. ஆகவே வோல்ட் பர் ஹெர்ட்ஸ் என்றால் வோல்ட்டை நொடியால் பெருக்குவது. மடையின் வேகம், மடை திறந்திருக்கும் நேரம். அந்தப் பெருக்கலுக்குப் பாடப் புத்தகத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: வெபர், காந்தப் பாயத்தின் அலகு. டிரைவில் நான் ஆயிரம் தடவை தட்டிய 8.3, மாறுவேடத்தில் இருந்த வெபர்தான். ஜோசப்சனின் எண்ணைத் தலைகீழாக்கினால் வருவதும் வெபர்தான், 2.07 வெபரைப் பத்துக்கோடிக் கோடியால் வகுத்த துணுக்கு. மீக்கடத்தி வளையம் ஒன்றுக்குள் காந்தப் பாயம் இதன் முழு மடங்குகளில்தான் நுழையும், அரையோ காலோ கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஓடும் மோட்டார், ஸ்டார் கட்டு, ஒரு ஃபேஸ். அதன் சுற்றுகளோடு பின்னியிருக்கும் உச்சப் பாயம் 1.08 வெபர். மோட்டார் அரை ஹெச்.பி.யோ ஐம்பதோ, இது மாறாது. ஜோசப்சன் துணுக்குகளாக எண்ணினால் சுமார் ஐந்து கோடிக் கோடி. செம்புக் கம்பியில் அது துணுக்குத் துணுக்காக வருவதில்லை, எண்ணிப் பார்க்கிற ஆசைக்காக மட்டும் எண்ணினேன். வீட்டில் "லீவு நாளில்கூடவா?" என்று கேட்டார்கள்.

போன மாதம் என்னிடம் முன்பு வேலை பார்த்த பையன் ஒருவன் திருப்பூரிலிருந்து கூப்பிட்டான். இப்போது தனியாகத் தொழில் செய்கிறான். "அண்ணா, செகண்ட் ஹாண்ட்ல ஜப்பான் மெஷின் ஒண்ணு வந்திருக்கு. மோட்டார் 200 வோல்ட்னு போட்டிருக்கு. ஹெர்ட்ஸ் ரெண்டு மூணு போட்டிருக்கானுங்க. எது நெசம்?" நேம் பிளேட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. கிரீஸ் படிந்த தகட்டில் மூன்று வரி: 200 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், 200 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், 220 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்.

ஜப்பானில் மூன்றும் நிஜம்தான். 1890களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து 60 வாங்கினார்கள். இன்றைக்கும் நாடு கிழக்கே 50, மேற்கே 60 என்று இரண்டாகக் கிடக்கிறது. அதனால் அங்கே மோட்டார் செய்பவன் எல்லா ஊருக்கும் சேர்த்தே செய்கிறான். வகுத்துப் பார்த்தால் 4, 3.33, 3.67. இரும்பு 4 வரைக்கும் தாங்கும்படி போட்டிருக்கிறான் என்று அந்தத் தகடே சொல்கிறது.

"மேல் வரிதான் நம்ம வரி. 415க்கு 200 ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு வை, நேரா ஓட்டு. வேகம் வேணும்னு பின்னாடி டிரைவ் போட்டா, 200 வோல்ட் டிரைவா வாங்கி டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்புறம் மாட்டு. 415 டிரைவ்ல செட்டிங்கைக் குறைச்சு ஓட்டலாம்னு எவனாவது சொல்லுவான். உள்ள டி.சி. அறுநூறு வோல்ட் பக்கம் நிக்கும், அந்தப் பழைய வார்னிஷ் தாங்காது."

"சரிங்கண்ணா. அப்ப வேகம் கம்மியா இருந்தா புல்லிய மட்டும் கொஞ்சம் பெருசா போட்டுக்கட்டுமா?"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம், "லோடு எத்தனை ஆம்ப்ஸ் எடுக்குதுன்னு பாத்துட்டு எனக்குக் கூப்பிடு, அதுக்கு முன்னாடி புல்லியத் தொடாத" என்றேன்.